வெளுத்துப்போன அரசுக் கொடி

வேங்கைநாட்டு அரசன் விசயதீரனுக்கு அறிவாளிகள் என்றால் உயிர். தன்னிடம் இல்லாததைப் பக்கத்திலாவது வைத்துக்கொள்ள வேண்டும் அல்லவா? அப்படி அவன் சேர்த்தவர்களில் பெரிய பட்டமும் பெரிய தொப்பையும் உடையவர் அமைச்சர் தருக்கசாகரர்.

அந்நாட்டுக் கொடி இரத்தச் சிவப்பு. ஆண்டுதோறும் சாயக்காரன் மல்லன் சாயவேரைக் காய்ச்சிப் புதுக்கொடி தோய்த்துத் தருவான். அரண்மனையில் துணி பார்க்கும் வெண்ணி, போன ஆண்டுக் கொடியில் வெட்டி வைத்த துண்டோடு அதை வெயிலில் ஒப்பிடுவாள். வேறுபாடு தெரியவில்லை என்றால் முத்திரை வைப்பாள். பழைய துண்டை எரித்துவிடுவார்கள். இது தருக்கசாகரர் வகுத்த முறை.

"இந்த ஆண்டுக் கொடி போன ஆண்டுக் கொடிக்குச் சமம். அது அதற்கு முந்தியதற்குச் சமம். ஆகவே எல்லாம் சமம். பழங்கந்தல் எதற்கு?" என்றார் அவர். அவை மொத்தமும் தலையாட்டியது. அந்த அவைக்கு வேறு வேலை கிடையாது.

ஒருநாள் பக்கத்து நாட்டு அரசன் சமாதானம் விரும்பி, தன் பாட்டன் போரில் பறித்துப் பேழையில் வைத்திருந்த வேங்கைநாட்டுக் கொடியைத் திருப்பி அனுப்பினான்.

பேழையைத் திறந்ததும், "இது எவன் கொடி?" என்று விசயதீரன் கத்தினான். பேழைக்குள் இருந்தது இரத்தச் சிவப்பு. அவன் தலைக்கு மேல் பறந்ததோ, வருடக்கணக்கில் அடித்துத் துவைத்த சிவப்புக் கோவணம் மாதிரி இருந்தது.

மல்லன், வெண்ணி, தருக்கசாகரர் மூவரையும் அவைக்கு இழுத்து வந்தார்கள். வெண்ணியின் கண்களைத் தோண்டச் சொன்னான் அரசன்.

"சாமி, போன வருசத் துண்டுக்கும் புதுக்கொடிக்கும் வித்தியாசம் தெரியலைன்னுதான் சொன்னேன். இப்ப காட்டினாலும் அதையேதான் சொல்லுவேன்" என்றாள் அவள்.

மல்லன் காலில் விழுந்தான். "வருசா வருசம் ஒரு பிடி வேர் குறைச்சேன் சாமி. யாரும் கேக்கலை, பழகிப்போச்சு."

தருக்கசாகரர் மட்டும் நிமிர்ந்து நின்றார். "ஒவ்வொன்றும் முந்தையதற்குச் சமம். ஆகவே நம் கொடியே ஆதி நிறம். இது பகைவன் நம்மை அவமதிக்கத் தோய்த்த போலி. படையெடுங்கள்!"

மல்லன் திருடன், அதில் புதிர் எதுவும் இல்லை. ஆனால் அந்தத் திருட்டு இத்தனை காலம் கண்ணில் படாமல் போனது யார் பிழையால்? வெண்ணியின் கண்ணாலா, தருக்கசாகரரின் கணக்காலா? நீங்களும் தலையாட்டிக்கொண்டிராமல் சொல்லுங்கள்.

விடை: முதலாவது இரண்டாவதற்குச் சமம், இரண்டாவது மூன்றாவதற்குச் சமம் என்றால் முதலாவது மூன்றாவதற்கும் சமம். ஆனால் 'வேறுபாடு தெரியவில்லை' என்பது அப்படித் தொடர்ந்து போகாது. கண்ணுக்குத் தப்பும் சின்னக் குறைகள் சேர்ந்தால் அமைச்சரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். வெண்ணி 'தெரியவில்லை' என்றாள்; அந்த மேதை அதைச் 'சமம்' என்று எடுத்துக்கொண்டார். பிழை அவருடையது. வெண்ணி தப்பிவிட்டாள், ஆனால் நியாயத்தால் அல்ல. அவள் கண்கள் குற்றம் செய்தவை என்றால், தினமும் காலையில் அந்தக் கொடியை வணங்கிய தன் கண்களையும் தோண்ட வேண்டிவரும் என்று அரசனுக்கு எப்படியோ உறைத்துவிட்டது.