பவளமல்லி மேளம் யாருடையது?

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது: உலகத்தின் தலைவிதியையே மாற்றிய மாபெரும் வழக்கு ஒன்று இங்கே சொல்லப்படுகிறது. சாய்ந்திருப்பவர்கள் நிமிர்ந்து உட்காரவும்.

முன்னொரு காலத்தில் ஒரு மன்னர், மகளின் கல்யாணத்துக்குப் பவளமல்லி மேளத்தைக் கூட்டிவரச் சொன்னார். இரண்டு மேளங்கள் வந்து நின்றன. இரண்டுக்கும் அதே பெயர். ஒன்று ஊரறிந்த சடையாண்டியின் மேளம். மற்றது மந்திரியின் மைத்துனன் வீரகேசரியுடையது. அங்கே தலைப்பாகைக்குக் காட்டிய அக்கறையில் கால்வாசியைத் தவிலுக்குக் காட்டியிருக்கலாம்.

மன்னர் சீறினார். "ஒரு பெயருக்கு ஒரு மேளம்தான்! பொழுது சாய்வதற்குள் ஒருவன் பெயரை விட வேண்டும். பிறகும் அந்தப் பெயரைச் சொன்னால் நாடு கடத்துவேன்!"

"மகாபிரபு, என் மைத்துனன் வீட்டில் மூன்று தலைமுறையாக வழங்கும் பெயர் இது," என்றார் மந்திரி. "சடையாண்டி திருடிக்கொண்டான்."

சடையாண்டி கைகூப்பினான். "எங்க பன்னிரண்டு குடும்பத்துக்கும் சோறு போடுறதே அந்தப் பேருதான் சாமி."

காலையில் இரண்டு மேளங்களையும் பார்த்ததுமே சபையை விட்டு நழுவியிருந்த விதூஷகன் பூவராகன் அப்போதுதான் திரும்பி வந்தான். "மன்னர்பிரானே, பெயரை வீரகேசரிக்கே கொடுத்துவிடுங்கள். அந்தப் பெயரில் வாங்கிய தாம்பூலங்களும் அவரையே சேரட்டும்."

"அப்படியே ஆகட்டும்," என்றார் மன்னர். மந்திரி சந்தேகத்தோடு பூவராகனைப் பார்த்தார். பூவராகன் தனக்கு நல்லது சொன்னால் எங்கேயோ இடிக்கும் என்பது அவர் அனுபவம்.

அந்த நாட்டு வழக்கம் இது: வாசிக்க ஒப்புக்கொண்டு தாம்பூலம் வாங்கிய மேளம், கொடுத்தவர் கூப்பிட்டதும் போயாக வேண்டும். மறுத்தால் ஒரு வருஷம் எந்த விசேஷத்திலும் வாசிக்கக் கூடாது.

பூவராகன் கைதட்டினான். நாலு பேர் ஒரு பாடையைத் தூக்கி வந்தார்கள். அதன்மேல் மாலையும் கழுத்துமாக ஒரு கிழவர் வெற்றிலை மென்றபடி படுத்திருந்தார்.

"அப்பா!" என்றான் வீரகேசரி.

"பத்து வருஷத்துக்கு முன்னே காய்ச்சலில் கிடந்தபோது, என் கல்யாணச் சாவுக்கென்று பவளமல்லி மேளத்துக்குத் தாம்பூலம் கொடுத்தேன்," என்றார் கிழவர். "அன்றைக்குச் சொதப்பிவிடக் கூடாதே! இன்று ஒத்திகை. நாலு வீதியும் சுற்றிச் சுடுகாடு வரை வாசிக்க வேண்டும்."

"கிளம்புங்கள் வீரகேசரியாரே," என்றான் பூவராகன். "சுடுகாடு போய் வந்த மேளத்தை இளவரசி கல்யாணத்தில் விட மாட்டார்கள். அது வேறு விஷயம்."

வீரகேசரி அலறினான். "அந்தத் தாம்பூலம் என்னுடையது இல்லை! வாங்கியவன் இந்தச் சடையாண்டி! அப்போது எனக்கு ஏது மேளம்? நான் ஆரம்பித்தே மூன்று வருஷம்தான் ஆகிறது!"

மந்திரி கண்ணை மூடிக்கொண்டார்.

"மூன்று தலைமுறை மூன்று வருஷமாகிவிட்டதே மந்திரியாரே," என்றான் பூவராகன். "நனைத்த பட்டுகூட இப்படிச் சுருங்காது."

மன்னர் கிழவரைப் பார்த்தார். "இப்போதுதான் மகனே மேளம் வைத்திருக்கிறானே, அவனையே வாசிக்கச் சொல்லக் கூடாதா?"

"உயிரோடு இருக்கும்போது கேட்கிறேனே மகாராஜா. செத்த பிறகுமா?"

மன்னர் சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். பெயரும் கல்யாண வாசிப்பும் சடையாண்டிக்கே என்று தீர்ப்பானது. பூவராகன் கழுத்தில் மன்னரின் முத்துமாலை விழுந்தது. கல்யாணம் முடியும்வரை ஒத்திகைக்குப் பொறுப்பதாகக் கிழவரும் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். வீரகேசரி தன் மேளத்துக்கு மந்திரியின் பெயரையே வைத்தான். அதன்பின் அதை மந்திரிகூடக் கூப்பிடவில்லை.

சடையாண்டி அந்த ஒரு தாம்பூலத்துக்கு மட்டும் இன்னும் வாசிக்கவில்லை. கிழவர் சாகவில்லை.