கிழக்கே எழுந்த கதிர்கள்

அத்திக்குட்டை என்ற காட்டுக் குளத்தின் நடுவே ஒரு மண்திட்டு இருந்தது. அதில் நாற்பது வாத்துகள் குடியிருந்தன. கரையில் ஒரு குள்ளநரி குடியிருந்தது.

பகலில் நரி வளைக்குள் தூங்கும். வாத்துகள் கரைக்குப் போய்ப் புல்விதை மேயும். அந்தி சாய்ந்தால் நரி எழுந்து வரும். வாத்துகள் அதற்குள் திட்டுக்குத் திரும்பிவிடும். கிழக்கே கதிர் எழுந்தால் கரைக்குப் போகலாம் என்பது வாத்துகளின் சட்டம். சட்டம் தெரிந்த பிறகு யோசிப்பது எதற்கு என்று அவை இருந்துவிட்டன.

அதே திட்டில் குமிழி என்ற முக்குளிப்பான் பறவையும் இருந்தது. உருவத்தில் வாத்தில் கால்வாசிதான். எங்கே போனாலும் தன் இரண்டு குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டே நீந்தும். வாத்துகள் அதை ஒரு பொருட்டாக மதித்ததில்லை.

ஒருநாள் மாலை மழை விட்டிருந்தது. மேற்கே கிழிந்த மேகங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வாத்துகள் அப்போதுதான் திட்டில் ஏறிச் சிறகு உலர்த்தின. திடீரென்று கிழக்கு மலைக்கு மேலே இளஞ்சிவப்புக் கதிர்கள் விசிறிபோல் விரிந்து நின்றன.

"கதிர் எழுந்தாச்சு! கரைக்குக் கிளம்புங்க" என்றது தலைமை வாத்து பட்டம்மா.

"இப்பதானே வந்தோம், அக்கா. மேற்கே சூரியன் இன்னும் மறையவே இல்லையே" என்றது குமிழி.

கரையில் நின்ற நரி இதைக் கேட்டது. வானத்தைப் பார்த்தது. வாத்துகளின் குஞ்சுகளையும் பார்த்தது.

"தாய்மாரே, இன்றைக்கு ராத்திரியே கிடையாது" என்று அது குரல் கொடுத்தது. "மேற்கே ஒரு சூரியன் இறங்குகிறது. கிழக்கே இன்னொரு சூரியன் ஏறுகிறது. உங்கள் சட்டப்படி இது காலை. தாமதிக்காமல் வாருங்கள்."

தங்கள் சட்டம் நரிக்கும் தெரிந்திருக்கிறதே என்று வாத்துகளுக்கு ஒரே பெருமை. வரிசையாகத் தண்ணீரில் இறங்கின. பட்டம்மாவின் ஒன்பது குஞ்சுகளும் முந்திக்கொண்டு நீந்தின.

குமிழி தண்ணீரைப் பார்த்தது. குளம் அசையாமல் இருந்த இடத்தில் வானம் முழுவதும் தெரிந்தது. கதிர்கள் மேற்கே மேக இடுக்குகளில் புறப்பட்டு, தலைக்கு மேலே மங்கலாகக் கடந்து, கிழக்கே போய்ச் சேர்ந்திருந்தன. ஆக, சூரியன் ஒன்றுதான். குமிழி வாத்துகளின் பின்னால் விரைந்து நீந்தியது.

"அக்கா, தண்ணியைக் கொஞ்சம் பாருங்க!"

"நீ உன் முதுகைப் பாரு. எங்க சட்டம் எங்களுக்குத் தெரியும்" என்றது பட்டம்மா.

கரை நெருங்கிவிட்டது. இனி வாத்துகளிடம் வாதாடிப் பயனில்லை. குமிழி நரியிடமே பேசியது.

"நரியண்ணே, இது காலைதானே?"

"அதிலென்ன சந்தேகம்? சுத்தமான காலை."

"காலையில நீங்க வளைக்குள்ள தூங்கப் போயிடுவீங்களே. இன்னும் ஏன் நிக்கிறீங்க?"

நரி கொஞ்சம் தடுமாறியது. "உங்களை வரவேற்கத்தான்."

"வரவேற்றாச்சு, சந்தோஷம். ராத்திரி முழுக்க முழிச்சிருந்த களைப்பு இருக்குமே. ஒரு கொட்டாவி விடுங்க, பார்ப்போம்."

நரி கொட்டாவி விட வாயைப் பிளந்தது. அந்த நேரம் பார்த்து, முதல் குஞ்சு அதன் மூக்குக்கு எதிரே வந்தது. கொட்டாவி வரவில்லை. எச்சில்தான் ஒழுகியது. நாற்பது வாத்துகளும் அந்தப் பல்வரிசையைப் பார்த்தன.

"திரும்புங்க!" என்று அலறியது பட்டம்மா.

நரி பாய்ந்தது. குமிழி அதைவிட வேகமாகக் குறுக்கே புகுந்து, முதல் குஞ்சைத் தன் முதுகில் மூன்றாவதாக ஏற்றிக்கொண்டு விலகியது. நரி கழுத்துவரை சேற்றில் புதைந்தது.

திட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் வாத்துகளின் வெற்றிக் கூச்சல் காட்டையே அதிரவைத்தது. பட்டம்மா தன் குஞ்சை அலகால் தடவிப் பார்த்தது. பிறகு வரிசையின் முன்னிடத்தைவிட்டு விலகி, "நீ முன்னால போ, தாயி" என்றது. தலைமை வாத்துக்கு முன்னால் அந்தச் சின்னப் பறவை, மூன்று குஞ்சுகளைச் சுமந்தபடி, ராணிபோல் நீந்திப் போனது.

வானத்தில் எந்த விந்தை தோன்றினாலும், அதற்கு விளக்கம் சொல்ல வருகிறவனுக்கு அதில் என்ன ஆதாயம் என்று கேட்ட பிறகே அவன் பேச்சை நம்ப வேண்டும்.