பதினேழு ஏ பஸ்ஸும் அறியப்படாத பயனரும்

கோணப்புளியில் முட்டாள் என்று ஒருத்தர்கூடக் கிடையாது. நம்பிக்கை இல்லாவிட்டால் நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள், ஊரே ஒரு குரலில் சொல்லும். அப்படிப்பட்ட ஊருக்கு இருந்தது ஒரே ஒரு பஸ், பதினேழு ஏ. சித்திரை மாதம் அதையும் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டார்கள்.

பஸ் நின்றதில் எல்லாருக்கும் கஷ்டம்தான். ஆனால் சைக்கிள் கடை தங்கப்பழத்துக்கு வந்தது தனிக் கஷ்டம். அவர் மகள் சுபாஷினி டவுனில் நர்சிங் படிக்கிறாள். பஸ் இல்லை என்றதும் அவளை டவுனிலேயே மாமன் வீட்டில் விட வேண்டியதாகிவிட்டது. மாமன் வீடானாலும் குமரிப்பிள்ளையைத் தனியாக விடலாமா என்று அவர் மனைவி செல்லக்கனியும் கூடவே கிளம்பிவிட்டாள். "என்னைக்குப் பஸ் விடுதானோ அன்னைக்கு அதே பஸ்ல வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். மூன்று மாதமாகத் தங்கப்பழம் தான் வைத்த குழம்பைத் தானே சாப்பிடுகிறார். பாவம், மனுசன் பாதியாகிப் போனார்.

ஊரில் பஸ் மீட்புக் குழு ஒன்று அமைத்தார்கள். ரைஸ்மில் ஆவுடையப்பன் தலைவர். மில் ஓடாததால் அவருக்கு நேரம் நிறைய இருந்தது. மாடத்தி துணைத்தலைவி, வரவேற்புரை ஆற்றுவதில் கெட்டிக்காரி. மைக்செட் இருளப்பன் உறுப்பினர். தங்கப்பழம் செயலாளர். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பஸ் டிப்போவிலிருந்து ஓர் அதிகாரி ஊர் நூலகத்துக்கு வருகிறார், மனுவை டைப் அடித்துக் கொடுத்தால்தான் வாங்குவார் என்று தகவல் வந்தது. போன தடவை கையால் எழுதிக் கொடுத்ததை, இது என்ன பாஷை என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

நல்லவேளை, நூலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. டவுனில் யாரோ நல்ல பிள்ளைகள் சேர்ந்து இலவசமாக வைத்துவிட்டுப் போனது. கூடவே ஒரு தாளையும் சுவரில் ஒட்டியிருந்தார்கள். 'கட்டற்ற திறந்த மூல அலுவலக மென்பொருள்: பொதுவான சிக்கல்களும் தீர்வுகளும்' என்று தலைப்பு. சுத்தமான தமிழ். குழு அதைக் கூடி நின்று படித்தது.

"திறந்த மூலம்னா என்னவே?" என்றார் ஆவுடையப்பன்.

இருளப்பன் முகம் சுருங்கியது. "எங்க பெரியப்பாவுக்கு இருந்துச்சு அண்ணாச்சி. திறந்தது, மூடினது எல்லாம் தெரியாது. ஆனா மனுசன் உக்காரவே முடியாது."

அதனால் தங்கப்பழம் மூன்று நாள் நின்றுகொண்டே டைப் அடித்தார். ஒற்றை விரலால்தான் அடித்தார். ஒவ்வோர் எழுத்துக்கும் செல்லக்கனியை நினைத்துக்கொண்டார். வியாழக்கிழமை சாயங்காலம் மனு முடிந்தபோது மாடத்தி ஒரு செய்தியோடு ஓடி வந்தாள்.

"வாறது பொம்பள ஆபீசராம்! மனுவுல ஐயா, ஐயான்னுல்லா போட்டிருக்கீரு!"

தாளில் அதற்கும் வழி இருந்தது. 'ஒரு சொல்லை எல்லா இடங்களிலும் மாற்ற, தேடி மாற்றுக.' தங்கப்பழம் 'ஐயா'வைக் கொடுத்து 'அம்மா'வை வாங்கினார். தனக்கு ஐந்து ஐயா அடித்த ஞாபகம். கம்ப்யூட்டரோ ஆறு இடத்தில் மாற்றியதாகச் சொன்னது. கூட ஒன்று கிடைத்ததே என்று அவருக்குச் சந்தோஷம். மனுவைப் பத்திரப்படுத்திவிட்டு நிமிர்ந்தார், கரண்டு போய்விட்டது. எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை வந்து பார்த்தால் மனு திறக்கவில்லை.

இன்றைக்கு மூன்று மணியைத் தவறவிட்டால் இன்னும் எத்தனை மாதம் அந்தக் குழம்பைச் சாப்பிடுவது? தங்கப்பழம் தாளுக்கு ஓடினார். அதில் முதல் தீர்வே தெளிவாக இருந்தது. 'கோப்பை மூடிவிட்டு மீண்டும் திறக்கவும்.'

"கோப்பையா?" என்றார் ஆவுடையப்பன். "நம்மகிட்ட டம்ளர்தானவே இருக்கு?"

"என்ன அண்ணாச்சி இப்படிக் கேக்கீங்க? கபடிக் கோப்பை இருக்குல்லா!" என்றார் இருளப்பன்.

ஊர்ப் பிள்ளைகள் பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் ஜெயித்த கோப்பை அலமாரியில் இருந்தது. அதற்கு மூடியும் இருந்தது, அது ஏற்கெனவே மூடியும் இருந்தது. மூடியிருப்பதை எப்படி மூடுவது என்று கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது. முதலில் திறந்து, பிறகு மூடி, பிறகு திறப்பது என்று முடிவானது. திறந்தபோது உள்ளே ஒரு செத்த பல்லி கிடந்தது. மனு இல்லை.

அடுத்தது, 'மற்ற சாளரங்களை மூடவும்.' சாளரம் என்றால் சன்னல் என்பது மாடத்திக்குத் தெரியும், பத்தாவது வரை படித்தவள். நூலகத்துச் சன்னல்கள் ஆறையும் அடைத்தார்கள். ஆடி மாதத்துப் புழுக்கத்தில் நாலு பேருக்கும் சட்டை, சேலை எல்லாம் நனைந்துவிட்டது. மனு அசையவில்லை.

'அப்படியும் சரியாகாவிட்டால் மறுதொடக்கம் செய்யவும்' என்றது தாள்.

"நம்ம ஊர்ல எதைத் தொடங்கினாலும் கடவுள் வாழ்த்துல இருந்துதான்" என்றார் ஆவுடையப்பன். இருளப்பன் மைக்கைக் கட்டிக் கடவுள் வாழ்த்து போட்டார். மாடத்தி வரவேற்புரை ஆற்றினாள். தங்கப்பழம் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார், தலைவர் அதையே கழற்றிக் கம்ப்யூட்டருக்குப் போர்த்தினார். திறக்கவில்லை. மறுபடியும் மறுதொடக்கம் செய்தார்கள். மூன்றாவது தடவை மாடத்திக்குத் தொண்டை கட்டிவிட்டது.

'பாதுகாப்பான முறையில் தொடங்கிப் பார்க்கவும்' என்று அடுத்த வரி வந்ததும் தங்கப்பழம் தலையில் அடித்துக்கொண்டார். "இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? தலையில ஒண்ணுமில்லாம மூணு தடவை தொடங்கிட்டோமே!"

ஊரில் ஹெல்மெட் இருந்தது ஒன்றுதான். அதைத் தலைவர் போட்டுக்கொண்டார். மாடத்தி இட்லிக் கொப்பரையைக் கவிழ்த்துக்கொண்டாள். இருளப்பனுக்கு வாணலி கிடைத்தது. தங்கப்பழத்துக்குக் கிடைத்தது அவர் குழம்பு வைக்கிற சட்டி. இப்படி நாலு பேரும் பாதுகாப்பாக நின்று மனுவைத் தட்டியபோது, கம்ப்யூட்டர் காலையிலிருந்து காட்டிக்கொண்டிருந்த செய்தியை முதல் தடவையாக நிதானமாகப் படித்தார்கள்.

'இந்த ஆவணம் அறியப்படாத பயனரால் பூட்டப்பட்டுள்ளது. நகலைத் திறக்கவா?'

"நகல் வேண்டவே வேண்டாம்" என்றார் ஆவுடையப்பன். "நகல்னா கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வேணும். அவருக்கு நாம எங்க போக? பூட்டினவனைப் பிடிங்க. அறியப்படாதவன்னா நமக்குத் தெரியாத ஆளு. ஊருக்குள்ள அப்படி யாரு இருக்கா?"

தேட வேண்டிய அவசியமே வரவில்லை. பழைய பஸ் ஸ்டாப்பில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊரில் யாருக்கும் அவரைத் தெரியாது. நாலு பேரும் சட்டியும் வாணலியுமாகப் போய்ச் சுற்றி நின்றார்கள்.

"எதுக்குப் பூட்டினீங்க?" என்றார் தங்கப்பழம். "நான் உங்களுக்கு என்ன பாவம் செஞ்சேன்?"

அந்த அம்மாள் ஸ்கூட்டியைத் திரும்பிப் பார்த்தார். "பூட்டலையே, சாவி அதுலதான் இருக்கு. நான் டிப்போவில இருந்து வர்ற ஆபீசர். ரோட்டைப் பார்க்கலாம்னு கொஞ்சம் முன்னாடியே வந்தேன்."

ஆவுடையப்பன் ஹெல்மெட்டுக்குள் சிரித்தார். "ஆபீசர் வாறது மூணு மணிக்கு. இப்ப மணி பன்னிரண்டு. அப்போ நீங்க எப்படி ஆபீசராக முடியும்?"

அந்த அம்மாளைக் கையோடு நூலகத்துக்கு அழைத்து வந்தார்கள். அவர் திரையைப் பார்த்தார், 'நகலைத் திற' என்பதில் ஒரு தட்டுத் தட்டினார், மனு திறந்துகொண்டது. அதற்கு அவருக்கு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

"கரண்டு போனப்போ மூடாம விட்டிருக்கீங்க. அதான் பூட்டு அப்படியே நின்னுடுச்சு" என்றார். "இதை அடிச்சது யாரு?"

"நான்தான்" என்றார் தங்கப்பழம்.

"மென்பொருள்ல உங்க பேரைக் கொடுக்கவே இல்லை. அதனாலதான் அப்படிக் காட்டுது. அந்த அறியப்படாத பயனர் நீங்கதான்."

தங்கப்பழம் சட்டியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தன்னையே ஒரு தடவை தடவிப் பார்த்தார். மற்ற மூன்று பேரும் அவரை விட்டு ஓர் அடி தள்ளி நின்றார்கள்.

"அப்போ இத்தனை வருசமா நம்மகூட இருந்த ஆளு யாருவே?" என்று இருளப்பனின் காதில் கேட்டார் தலைவர்.

"சரி, மனுவைக் கொடுங்க" என்றார் அந்த அம்மாள்.

"அது எப்படி? ஆபீசருக்குத்தான் குடுப்போம்" என்றாள் மாடத்தி.

அந்த அம்மாள் மூன்று மணி வரை அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்று அடித்ததும் நாலு பேரும் எழுந்தார்கள். "வாங்க மேடம், வாங்க! பிரயாணமெல்லாம் சௌகரியமா?" என்றார் ஆவுடையப்பன். கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் குறைவில்லாமல் நடந்தன. பிறகு மனுவை அச்செடுத்துக் கொடுத்தார்கள். அதிகாரி படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

"'சுற்றுவட்டாரத்தில் உள்ள அம்மாயிரம் பேர் இந்தப் பஸ்ஸை நம்பியே இருக்கிறோம்'... அது என்ன அம்மாயிரம்?"

ஐயாயிரம் என்று அடித்திருந்தது தங்கப்பழத்துக்கு மறந்தே போயிருந்தது. யோசித்துப் பார்த்தார். "ஆயிரம் அம்மாமாரு மேடம்" என்றார். அப்போது செல்லக்கனி ஞாபகம் வந்து கண்ணில் நீர் கோர்த்துக்கொண்டது. "அதுல ஒருத்தி இங்க இல்ல. டவுன்ல இருக்கா. பஸ் வந்தாத்தான் வருவா."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை வருச வேலையில் இப்படி ஒரு மனுவைப் பார்த்ததில்லை என்றார். அங்கேயே பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமையிலிருந்து பஸ் வரும்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பதினேழு ஏ வந்தது. முன்கண்ணாடியில் மாலை, உள்ளே டிரைவர், கண்டக்டர், மூன்றாவது சன்னலில் செல்லக்கனி. மடியில் துணிப்பை. சுபாஷினி காலேஜ் விட்டுச் சாயங்கால பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. தங்கப்பழத்தைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் அவருக்கு அந்த மூன்று மாதக் குழம்பும் மறந்துபோனது. ஓடிப்போய் ஏறப் பார்த்தவரை ஆவுடையப்பன் பிடித்து நிறுத்தினார். அவர் கையில் நூலகத்துச் சுவரிலிருந்து கிழித்த தாள் இருந்தது.

"அவசரப்படாதீரும். கடைசி வரியைப் படியும்."

தங்கப்பழம் படித்தார். 'வேலை முடிந்ததும் மறக்காமல் சேமிக்கவும். சேமிக்காமல் விட்டால் அனைத்தையும் இழக்க நேரிடும்.'

"ஒரு தடவை இழந்தது போதாதா?" என்றாள் மாடத்தி.

டிரைவரிடம் உள்ளே டிபன் தயாராக இருக்கிறது என்று சொன்னார்கள். பஸ் நேராக ரைஸ்மில் கொட்டகைக்குள் போய் நின்றது. இருளப்பன் ஷட்டரை இறக்கினார், தலைவர் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். ஊரே கைதட்டியது. கோணப்புளி பஸ் சேமிக்கப்பட்டது.

அந்தக் கடைசி வரியில் இன்னும் பாதி பாக்கி இருந்தது. 'பாதுகாப்புக்கு ஒரு பிரதியும் எடுத்து வைக்கவும்.' தங்கப்பழம் அன்றைக்கே நின்றுகொண்டு அதிகாரிக்கு இன்னொரு மனு அடித்தார். 'மதிப்பிற்குரிய அம்மா, தாங்கள் அனுப்பிய பஸ் இங்கே பத்திரமாக உள்ளது. பிரதிக்காக இதே மாதிரி இன்னொரு பஸ் உடனே அனுப்பி உதவவும்.'

மத்தியானம் அவர் கொட்டகைக்குப் போனார். உள்ளேயிருந்து ஷட்டர் தடதடவென்று ஆடியது.

"ஏங்க! கதவைத் திறங்க! எங்களை எதுக்கு உள்ள வச்சிருக்கீங்க?" என்று செல்லக்கனி கத்தினாள்.

"பயப்படாத செல்லக்கனி, நீ சேமிப்புல இருக்க. இனிமே உன்னை இழக்க மாட்டேன்" என்றார் தங்கப்பழம். மனசாரத்தான் சொன்னார். பிறகு ஷட்டருக்கு அடியில் இருந்த சந்து வழியாகச் சோற்றையும் குழம்பையும் உள்ளே தள்ளினார்.

உள்ளே சாப்பிட ஆரம்பித்தார்கள். டிரைவர் இருமினார். கண்டக்டர் தண்ணீர் கேட்டார்.

"பஸ் கெடக்கட்டும்" என்று செல்லக்கனியின் குரல் வந்தது. "முதல்ல எனக்கு ஒண்ணு தெரியணும். இந்தக் குழம்பை வச்சது யாரு?"

தங்கப்பழம் அக்கம்பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"அறியப்படாத பயனர்" என்றார்.