தைரியநாதனின் அடிவயிறு

ஒரு காலத்தில், ஒரு துறைமுகத்தில் தைரியநாதன் என்று ஒரு விசைப்படகு இருந்தது. முகப்பில் பெயரைச் சிவப்புச் சாயத்தில் அவ்வளவு பெரிதாக எழுதியிருந்தார்கள்; அடுத்த ஊர்க் கரையில் நின்றே படிக்கலாம். அந்தப் பெயர் தனக்கு அளவெடுத்துத் தைத்தது என்று படகுக்கு ஒரு நினைப்பு.

ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தக் கடலுக்கு ஒரு புதுப் புழு வந்தது. மரம் தின்னும் புழு. வெளியே குண்டூசி முனை அளவு துளைதான் தெரியும், உள்ளே பலகை சல்லடையாகிக் கிடக்கும். அந்த ஒரே வருடத்தில் கரையிலிருந்த பாதிப் படகுகள் விறகாகிப் போயின. பிறகுதான் அதற்கு ஓர் எண்ணெய் காய்ச்சினார்கள். பலகை இடுக்கில் உளியால் பஞ்சைக் குத்தி இறக்கி, அந்தப் பஞ்சு வழியாக எண்ணெயை மரத்துக்குள் ஊறவிட வேண்டும். புழுவும் லேசுப்பட்டதல்ல. வருடா வருடம் பல்லை மாற்றிக்கொண்டு வந்தது. எண்ணெயையும் வருடா வருடம் மாற்றிக் காய்ச்ச வேண்டியதாயிற்று.

மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளெல்லாம் கரையேறிக் கிடக்கும்போது உளி ஒவ்வொன்றாகப் பார்த்து வரும். அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. படகு தானே ஒருபக்கமாகச் சாய்ந்து அடிவயிற்றைக் காட்ட வேண்டும். சாயாத படகை உளி குத்தாது.

முதல் வருடம் தைரியநாதன் எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்ச் சாய்ந்தது. அப்போது பயம் புதிது. ஆறாம் வருடம் பயம் பழசாகிவிட்டது.

"ஏ தைரியநாதா, சாயி. உன் முறை வந்துட்டு," என்றது உளி.

"போன வருசந்தான குத்துன?"

"அது போன வருசத்துப் புழுவுக்கு. இது வேற பல்லு."

"நானும் அஞ்சு வருசமாப் பாக்கேன். ஒரு புழு என்னயத் தொட்டிருக்கா?"

"தொடக் கூடாதுன்னுதான குத்துனது!"

"அந்தா மூணாவது படகு, கெடக்கான் பாரு அந்தோணிமுத்து. எண்ண குடிச்சும் அவனப் புழு கடிச்சுதா இல்லியா?"

"கடிச்சுது. ஒரு விரக்கடை ஆழம் போயி நின்னுட்டு. குடிக்காம இருந்தா இந்நேரம் அடுப்புக்குள்ள கெடப்பான்."

உண்மையை நாமே சொல்லிவிடலாம். குத்திய பிறகு இரண்டு நாளைக்கு மூட்டெல்லாம் வலிக்கும். அவ்வளவுதான் சங்கதி. அதை வெளியே சொல்ல அந்தப் பெயர் விடவில்லை.

"எம் மரம் தேக்கு," என்றது கடைசியில்.

பக்கத்தில் பிலோமினா என்ற சின்னப் படகு கிடந்தது. அந்த வருடம்தான் கட்டி முடித்தார்கள்.

"அக்கா, எனக்குக் குத்துங்க. நான் சாயுறேன்."

"உனக்கு இப்ப முடியாது பிள்ள. பச்ச மரம், குத்துனா வெடிச்சிரும். அடுத்த வருசம் பாப்போம். அதுவரைக்கும் பக்கத்துல கெடக்குறவங்க குடிக்கிற எண்ணதான் உன்னயும் காப்பாத்தணும்."

இது தைரியநாதன் காதில் நன்றாகவே விழுந்தது. விழாததுபோல மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. உளி சற்று நேரம் காத்திருந்துவிட்டு அடுத்த படகுக்குப் போனது.

தடைக்காலம் முடிந்தது. துறைமுகத்தில் இட நெருக்கடி, இடையில் பழைய டயரைத் தொங்கவிட்டு ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுவார்கள். தைரியநாதனுக்கு அடுத்தது பிலோமினா.

புழு வந்தது. தேக்கில் நான்கு துளை போட்டது. தைரியநாதனுக்குக் கொஞ்சம் அரிப்பு எடுத்தது, அவ்வளவுதான். பாசி பிடித்திருக்கும் என்று விட்டுவிட்டது. புழு உள்ளேயே குடும்பம் நடத்திக் குஞ்சு பொரித்தது. குஞ்சுகள் நீந்த வேண்டிய தூரம் ஒரு டயர் அகலம்.

ஐப்பசியில் ஒருநாள் காலை, கரையிலிருந்து பத்து மைல் தள்ளி, பிலோமினா தாழத் தொடங்கியது. மேலே நான்கு பேர் இருந்தார்கள். இருந்த வாளியையெல்லாம் எடுத்து நீரை இறைத்தும் மாளவில்லை.

"அண்ணே!" என்று பிலோமினா கத்தியது.

தைரியநாதன் வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும், ஒரு நிமிடமும் தயங்காமல் வந்தது. நான்கு பேரையும் தன்மேல் ஏற்றிக்கொண்டு, கயிறு போட்டு, அரை முங்கலில் கிடந்த பிலோமினாவைக் கரைவரை இழுத்து வந்தது. கரையெல்லாம் ஒரே பாராட்டு. பிலோமினாவுக்குப் பதினோரு பலகையைப் பெயர்த்தெடுத்தார்கள். எடுத்தது கையிலேயே உதிர்ந்தது. மறு தடைக்காலம் வரை அது கடலைப் பார்க்கவில்லை.

அந்தத் தடைக்காலத்தில் மறுபடி இரண்டும் மணலில் அருகருகே கிடந்தன. உளி வந்தது.

"அக்கா, அண்ணன் மட்டும் பக்கத்துல இல்லேன்னா அன்னைக்கே என் கத முடிஞ்சிருக்கும்," என்றது பிலோமினா. "அந்தப் புழு எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல."

உளி தைரியநாதனின் பக்கப் பலகையில் மெல்லத் தட்டிப் பார்த்தது. தேக்குக்குள்ளிருந்து காலிப் பானையைத் தட்டிய சத்தம் வந்தது. உளி தட்டுவதை நிறுத்திக்கொண்டது.

தைரியநாதனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. உளி சொல்லாது. பிலோமினா ஆயுசுக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும். அந்த நன்றியை நினைத்தபோதுதான் இருப்புக்கொள்ளவில்லை.

"பிலோமினா."

"என்னண்ணே?"

"அந்தப் புழு எங்கிட்டருந்துதான் வந்துச்சு. குத்துனா ரெண்டு நாள் வலிக்குமேன்னு நான் சாயல."

பிலோமினாவுக்குப் புதிதாகப் போட்ட பதினோரு பலகையும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன.

"சரிண்ணே," என்றது பிலோமினா. "இப்ப சாயுங்க."

தைரியநாதன் சாய்ந்தது. முகப்பில் எழுதியிருந்த தைரியம் அன்றைக்குத்தான் அடிவயிற்றுக்கு இறங்கியது.