பதினேழாம் துண்டின் புள்ளி

ஒரு மலையுச்சியில் பெரிய தொலைநோக்கி ஒன்று இருந்தது. அதன் கண்ணாடி ஒரே கண்ணாடி அல்ல. ஆறு மூலை கொண்ட முப்பத்தாறு துண்டுகளைத் தேன்கூடு போல நெருக்கி அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அடியில் மூன்று இரும்புக் கால்களும் உண்டு. துண்டை மயிரிழையை விடக் குறைவாக ஏற்றி இறக்குவது கால்களின் வேலை.

பதினேழாம் துண்டு புது அலுமினியப் பூச்சுடன் அன்றுதான் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது. ஒரு துண்டு திரும்பிய நாளில் எல்லாத் துண்டுகளையும் கலைத்துவிட்டு மறுபடி ஒழுங்குபடுத்துவது அங்கே வழக்கம். பொழுது சாய்ந்ததும் பொறியாளர் மங்கையர்க்கரசி ஒரு நட்சத்திரத்தைக் குறிவைத்தார். கலைந்து நின்ற துண்டுகளில் அது முப்பத்தாறு புள்ளிகளாகத் தெரிந்தது.

தன் புள்ளி எது என்று பதினேழு கேட்டது. இடப்பக்க ஓரத்தில் இருப்பது என்றது புள்ளிகளைப் படமெடுக்கும் கேமரா. பதினேழுக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு கால்கள் நகர்ந்தன. புள்ளிகள் நடுவே போய் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்தன. கடைசியில் கேமரா, "ஒன்று" என்றது.

"என் புள்ளி எங்கே?"

"அதற்குள்தான்."

"அதற்குள் எந்தப் பக்கம்?"

"தெரியவில்லை."

பதினேழு பக்கத்திலிருந்த பதினாறைக் கேட்டது. தானும் ஒருநாள் தேடிப் பார்த்ததாகவும், கிடைக்கவில்லை என்றும் பதினாறு சொன்னது. பதினேழுக்குப் பயம் வந்துவிட்டது. புள்ளி இல்லாத துண்டு எதற்கு என்று கழற்றிவிடுவார்களோ? அது மெல்ல ஒருபக்கம் சாய்ந்தது.

"இரண்டு" என்றது கேமரா.

பதினேழுக்கு மூச்சு வந்தது. கால்கள் அதை நிமிர்த்தின. அது மறுபடி சாய்ந்தது. மூன்று முறை இப்படியே நடந்தது.

கீழே கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த தொழில்நுட்பர் அந்தோணிராஜ், "மேடம், இந்தப் பதினேழு மாப்பிள்ளை முறுக்கு காட்டுது. கழட்டிட்டு வேற துண்டைப் போட்டுருவோமா?" என்றார்.

"இன்னும் ஒரு தடவை பார்ப்போம். அப்பவும் தனியா நின்னா, காலையில கிரேனை வரச் சொல்லுங்க."

அறையில் பேசுவது கம்பி வழியே கால்களுக்கு எட்டும். ஒரு கால் பதினேழிடம் சொன்னது: "நீ தெரியாததால் இல்லை அப்பனே, தெரிவதால்தான் கழற்றப் போகிறார்கள்."

பதினேழுக்குத் தலைகால் புரியவில்லை. தெரிந்தால் கழற்றுவார்கள். தெரியாவிட்டாலோ, தான் இருக்கிறோமா என்பதே தனக்குத் தெரியாது. இதில் எது மேல்? யோசித்து முடிப்பதற்குள் கால்கள் நான்காம் முறை நிமிர்த்தின. இம்முறை அது சாயவில்லை. சாயாதது சரிதானா என்றும் விளங்கவில்லை.

"ஒன்று" என்றது கேமரா. சற்றுப் பொறுத்து, "இரண்டு" என்றது.

"நான் அசையவே இல்லை" என்று பதறியது பதினேழு.

"நீ இல்லை. பக்கத்தில் மங்கலாக ஒரு குட்டி நட்சத்திரம். இதுவரை தெரியாதது."

அந்தோணிராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "பதினேழு சேர்ந்ததாலதான் தெரியுதா மேடம்?"

"பதினேழோ, நாலோ, யார் கண்டா? இதுல எது விலகியிருந்தாலும் தெரிஞ்சிருக்காது."

கால்கள் அதையும் சொல்லின. அந்த மங்கலான ஒளியில் தன் பங்கு எது என்று பதினேழுக்கு அப்போதும் புரியவில்லை. கொஞ்சம் சாய்ந்து பார்த்தால் புரியும். சாய்ந்தால் நட்சத்திரம் இருக்காது.

அது அசையவில்லை.