படியிறங்கிய ஏசி

கத்திரி வெயில் ஆரம்பித்த அன்றே, வேலூர் தணிகாசலம் வீட்டு ஏசி சூடாக ஊத ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் பூங்கோதையைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையனின் அப்பா ஏகாம்பரத்துக்கு வியர்த்தால் ஆகாது. போன மாதம் ஒரு வீட்டில் நெற்றி வியர்த்ததும் பாதி பஜ்ஜியோடு எழுந்து போனவர். இந்த வரனும் கைநழுவிவிடுமோ என்று தணிகாசலம் பயந்தார்.

"ஒருத்தன் சொல்ற ரேட்டை நம்பாதீங்க. மூணு இடத்துல விசாரிங்க," என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

தணிகாசலமும் தம்பிகள் வேதகிரி, சிங்காரமும் உடனே கிளம்பினார்கள். மெக்கானிக் ரஷீத் பாயின் கடை வாசலில் நின்று விசாரித்தார்கள். அப்புறம் கல்லாவுக்கு எதிரில். கடைசியாகக் கடையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்க ஜன்னலில்.

பாய் பொறுமைசாலி. மூன்று தடவையும் சொன்னார். "கழுவி சர்வீஸ் பண்ண அறுநூறு. கேஸ் போட்டா ரெண்டாயிரத்து ஐநூறு. ஆள் வந்து வீட்டுப் படியேறினாலே முந்நூறு."

"மூணு இடத்துலயும் ஒரே ரேட்டுண்ணா! நாணயமான ஊரு," என்று வேதகிரி நெகிழ்ந்தான்.

ஆனாலும் அந்த முந்நூறு தணிகாசலத்தை உறுத்தியது. மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"பாய் படியேறினாத்தானே முந்நூறு?"

"ஆமாண்ணா."

"ஏசி படியிறங்கினா?"

"அதுக்கு அவரு ஒண்ணும் சொல்லலியே!"

அண்ணனின் மூளையை நினைத்துச் சிங்காரத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிறு காலை கடப்பாரை போட்டு ஏசியைச் சுவரிலிருந்து பெயர்த்தார்கள். குழாய் அறுந்து, உள்ளே இருந்த கேஸ் 'உஸ்ஸ்' என்று மொத்தமாகப் போனது.

"பாவம், களைச்சுப் போயிருக்கு," என்றான் சிங்காரம்.

தெருவில் கயிற்றுக் கட்டிலில் கிடந்த ஏசியைப் பார்த்த ரஷீத் பாய் தலையில் கை வைத்தார். "அறுநூறோட முடிஞ்சிருக்கும். இப்ப புதுக் குழாய், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து நாலாயிரத்து ஐநூறு."

"படியேற?" தணிகாசலம் பதறினார்.

"இன்னும் ஏறலியே."

முந்நூறு மிச்சம்! மூவரும் கட்டிக்கொண்டார்கள். திரும்ப மாட்ட உள்ளே வர வேண்டும் என்று பாய் காலைத் தூக்கியதும் குறுக்கே விழுந்து மறித்தார்கள். கடைசியில் அவர் தெருவில் நின்றபடியே, வெளிச்சுவரில், ஏசியின் முகம் தெருவைப் பார்க்க மாட்டினார். கிளம்பும்போது வழக்கமாகச் சொல்வதையும் சொல்லிவிட்டார்.

"ஏசி ஓடும்போது கதவு, ஜன்னலை இறுக்கமா சாத்திடுங்க."

அப்படியே சாத்தினார்கள். பூங்கோதை பட்டுப்புடவையோடு உள்ளே இருந்தாள்.

ஏகாம்பரம் குடும்பத்தோடு வந்தார். தெருவில் நாற்காலி போட்டு, ஏசிக்கு நேராக உட்கார வைத்தார்கள். நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. ஒன்பது பஜ்ஜி சாப்பிட்டார்.

"அருமை! பொண்ணு எங்கே?"

தணிகாசலம் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார். எல்லாம் கெட்டது என்றே நினைத்தார். "உள்ளே இருக்குதுங்க. ஏசி ஓடுறப்போ கதவைத் திறக்கக் கூடாதுன்னு... வேணும்னா திறந்துடறேன்..."

ஏகாம்பரம் பதறி எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி! கல்யாணத்தை முடிச்சிடலாம். கதவை மட்டும் திறந்துடாதீங்க. தெருவுல இருக்குற குளிரெல்லாம் வீட்டுக்குள்ள போயிடும்!"