முக்குளிப்பானின் கால்நாட்டு

அல்லிக் குளத்தின் மேல் மூடுபனி தூங்கிக்கொண்டிருந்தது. குளத்தின் நடுவே, மிதக்கும் பாசிக் கூட்டில், நாலு முட்டைகளின் மேல் முக்குளிப்பான் பறவை ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பாதி உறக்கம், பாதி பயம். வெயில் முற்றினால் எருமைகள் குளத்தில் இறங்கிப் புரளும். கூடு கவிழ்ந்துவிடும்.

"எருமைகள் மேற்குக் கரையோடு நிற்கட்டும் என்று மனுப் போடலாம் அக்கா," என்றான் கரையில் நின்ற முயல். "இலையை நானே சுமக்கிறேன்."

அந்தக் காட்டில் மனுவுக்கு ஒரு சட்டம் உண்டு. தேக்கிலையில், மனுக் கேட்பவரையும் சேர்த்து இருபது பேர், நாவல்பழச் சாறு தொட்டுக் கைநாட்டு மாதிரி கால்நாட்டு வைத்தால், காடு முழுக்கக் கூடி வாக்களிக்கும். ஆனால் இலையைச் சுமப்பவர் ஒவ்வொருவருக்கும் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவரே கால் வைப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தேன் என்று தலைவி யானையிடம் சத்தியமும் செய்ய வேண்டும். யானைகளோ மறுநாள் மலையேறுகின்றன. மழை முடிந்துதான் திரும்பும்.

முயல் நல்லவன்தான். பனிக்குள் கனவில் ஓடுகிறவன் மாதிரி ஓடி, கீரி, உடும்பு, அணில் என்று பத்தொன்பது கால்நாட்டு வாங்கிவிட்டான். முக்குளிப்பான் மட்டும் பாக்கி. ஆனால் முயலாருக்குத் தண்ணீர் என்றால் ஆகாதே!

"அவள் கூட்டுக்காகத்தானே இந்தப் பாடு? வேண்டாம் என்றா சொல்லப்போகிறாள்?" என்று காட்டுக்கோழியைக் கூப்பிட்டான். "உன் காலை இன்னொரு தடவை வை. பறவைக் கால்தானே, யாருக்குத் தெரியும்?"

கோழியும் வைத்தது.

தலைவி யானை இலையை மெல்ல ஏந்தினாள். "இருபதும் அவரவர் வைத்ததுதானா? நீ பார்த்தாயா?"

"சத்தியமாகப் பார்த்தேன்."

"கடைசியில் இருப்பது முக்குளிப்பானுடையது என்கிறாய். அவளுக்கு விரலுக்கு விரல் இலை மாதிரி மடல் இருக்குமே. இது மண் கிளறுகிற கால் அல்லவா?"

முயலின் காது தொங்கிப்போயிற்று. நடந்ததைச் சொன்னான்.

"ஒன்றுக்குப் பொய்ச் சத்தியம் செய்தவனை மற்றதற்கு எப்படி நம்புவது?" என்று முழு இலையையும் தள்ளிவிட்டாள் யானை.

சேதி கேட்டு முக்குளிப்பான் அழுதாள். "கரையிலிருந்து ஒரு குரல் கொடுத்திருக்கலாமே தம்பி. முட்டையைப் பாசியால் மூடிவிட்டு நானே நீந்தி வந்திருப்பேனே."

அடுத்த வாரம் எருமைகள் இறங்கின. கூடு கவிழ்ந்தது. நாலு முட்டையும் சேற்றுக்குள் போயின.

நல்ல காரியம்தானே என்று ஒரே ஒரு பொய்யைக் கலந்தாலும், கூட இருக்கும் அத்தனை மெய்யும் பொய்யாகிப்போகும்.